ஸ்மூத் மேப்பின் நியம வடிவம்: கையால் கண்டுபிடிக்க ஒரு வழி

ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் ஆய்வுப் படிப்பு வகுப்புகள் தொடங்கும். திருச்சி, மதுரை, திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரிகளில் கணிதம் படித்துவிட்டு இங்கே வந்து சேரும் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சமையலறையை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். செப்டம்பர் பிறந்தால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: வகையீட்டு வடிவியலில் வரும் மாறாத் தரத் தேற்றம். ஒரு புள்ளியைச் சுற்றி மேப்பின் வகைக்கெழு அணியின் தரம் மாறாமல் இருந்தால், இரண்டு பக்கமும் ஆயங்களை மாற்றி, அந்தத் தரத்தின் அளவுக்கு முதல் சில ஆயங்களை அப்படியே அனுப்பி மற்ற இடங்களில் பூச்சியம் போடும் மேப்பாக அதை எழுதிவிடலாம் என்பது அது. தேற்றத்தைக் கேட்டால் பிசகில்லாமல் சொல்வார்கள். ஒரு மேப்பை, அதாவது ஒரு வெளியின் புள்ளிகளை இன்னொரு வெளிக்கு அனுப்பும் சார்பை, எழுதிப்போட்டு, "இந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இதன் நியம வடிவம் என்ன? ஆயங்களை எழுதிக் காட்டு" என்றால் சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு வேண்டிய முன்னறிவு அதிகமில்லை. பகுதி வகைக்கெழு போடத் தெரிய வேண்டும். அணிக்கோவை, அணியின் தரம் இரண்டும் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்தவை. ஸ்மூத் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம் என்று பொருள். மேனிஃபோல்ட் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். நாம் பார்ப்பது ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் நடப்பதை மட்டும். அங்கே மேனிஃபோல்ட் சாதாரண எண்வெளியின் ஒரு துண்டு போலத்தான் இருக்கும்.

மாறிகளுக்கு இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன். புறப்படும் பக்கத்தில் க, ச, ட. அங்கே புதிதாக எடுத்துக்கொள்ளும் ஆயங்கள் த, ந. போய்ச்சேரும் பக்கத்தில் ப, ம. அங்கே புதிதாக வருபவை ய, ர. எழுத்து பழகாததால் முதல் பத்து நிமிடம் கண்ணை உறுத்தலாம். ஆனால் நாம் செய்யப்போகும் வேலையே ஆயங்களுக்கு வேறு பெயர் வைப்பதுதான். பெயர் மாறினாலும் மேப் மாறுவதில்லை என்பது இங்கேயே பழக்கமாகட்டும்.

கேள்வி என்ன?

அணிகளைப் படிக்கும்போது ஓர் அணியை நிரை, நிரல் மாற்றங்களால் சுருக்கி, மூலைவிட்டத்தில் சில ஒன்றுகள், மற்ற இடமெல்லாம் பூச்சியம் என்று கொண்டுவந்தோம் அல்லவா? எத்தனை ஒன்றுகள் மிஞ்சுகின்றனவோ அதுதான் தரம். நிரை மாற்றம் என்பது போய்ச்சேரும் பக்கத்து ஆயங்களை மாற்றுவது. நிரல் மாற்றம் என்பது புறப்படும் பக்கத்து ஆயங்களை மாற்றுவது. இரண்டு பக்கமும் நம் விருப்பத்துக்கு விட்டால், நேரியல் மேப் எதுவானாலும் அதன் தரம் என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது.

இப்போது நேரியல் மேப்புக்குப் பதில் ஸ்மூத் மேப். நிரை, நிரல் மாற்றத்துக்குப் பதில் வளைந்த ஆய மாற்றம். இரு திசையிலும் ஸ்மூத்தாக இருந்தால் போதும். ஒரு புள்ளியின் அண்மையகத்தில், அதாவது அதைச் சுற்றிய சிறு பகுதியில், இரண்டு பக்கமும் ஆயங்களை மாற்றி, மேப்பை எவ்வளவு எளிதாக எழுத முடியும்? நியம வடிவம் என்பது இந்தக் கேள்விக்கு வரும் பதில்.

முதல் படி: அணியை எழுதுங்கள், மறையும் திசையையும் எழுதுங்கள்

மேப்பின் ஒவ்வொரு கூறையும் ஒவ்வொரு மாறியாலும் வகையிட்டு ஜேக்கோபியன் அணியை எழுதுங்கள். முதலில் பொதுவான க, ச வைத்தே எழுதுங்கள். புள்ளியின் எண்களை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். எண்ணை முதலிலேயே போட்டுவிட்டால், பக்கத்துப் புள்ளிகளில் என்ன நடக்கிறது என்ற செய்தி கையைவிட்டுப் போய்விடும்.

தரத்தை எழுதியதும் அதன் பக்கத்திலேயே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த அணி எந்தத் திசை வெக்டரைப் பூச்சியமாக்குகிறது? இதை மறையும் திசை என்று சொல்கிறேன். அந்தத் திசையில் மெல்ல நகர்ந்தால் போய்ச்சேரும் பக்கத்தில் முதல் நிலையில் அசைவே தெரியாது. பெரும்பாலோர் தரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு மடிப்பு, கூர்முனை என்று வரும்போது இந்தத் திசைதான் தீர்ப்புச் சொல்லும்.

இரண்டாம் படி: பக்கத்தில் எட்டிப் பாருங்கள்

போன ஆண்டு வந்த ஒரு மாணவிக்கு (க, ச) ↦ (க, ச²) என்ற மேப்பை ஆதிப்புள்ளியில் கொடுத்தேன். அணியின் முதல் நிரை (1, 0), இரண்டாம் நிரை (0, 2ச). ஆதிப்புள்ளியில் தரம் 1.

"அண்ணா, தரம் ஒண்ணு. அப்போ நியம வடிவம் (த, 0) தானே?"

"பக்கத்துல ஒரு புள்ளி எடுத்துப் பாரும்மா."

(0, 0.1) என்ற புள்ளியை வைத்தாள். நிரைகள் (1, 0), (0, 0.2). கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க ரெண்டு வருதே அண்ணா."

இந்தப் பாடத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. தேற்றத்தில் 'மாறாத் தரம்' என்று இருப்பது அண்மையகம் முழுவதற்கும் சேர்த்து. ஒரு புள்ளியில் மட்டும் தரத்தைப் பார்த்துவிட்டுத் தேற்றத்தைப் போடக் கூடாது.

இதிலும் ஒரு சலுகை உண்டு. தரம் 2 என்றால் ஏதோ ஒரு 2×2 அணிக்கோவை பூச்சியமில்லை என்று பொருள். அது தொடர்ச்சியான சார்பு. கொஞ்சம் நகர்ந்தாலும் பூச்சியமாகாது. ஆகவே பக்கத்துப் புள்ளிகளில் தரம் கூடலாம், குறையாது. தரம் ஏற்கெனவே இருக்கக்கூடிய உச்சத்தில் இருந்தால் மேலே போக இடமில்லை, மாறாமல் நிற்கும். அந்த நிலையில் ஒரே புள்ளியில் சோதித்தால் போதும். உச்சத்துக்குக் கீழே இருந்தால் கட்டாயம் சுற்றிப் பார்க்க வேண்டும்.

உச்சத் தரத்துக்கு இரண்டு பெயர்கள். புறப்படும் பக்கத்தின் பரிமாணம் முழுதும் தரமாக வந்தால் இம்மெர்ஷன். அணி எந்தத் திசையையும் மறைப்பதில்லை. போய்ச்சேரும் பக்கத்தின் பரிமாணம் முழுதும் வந்தால் சப்மெர்ஷன். இரண்டும் சேர்ந்தால் நேர்மாறு சார்புத் தேற்றம் கை கொடுக்கும்: மேப்பே ஓர் ஆய மாற்றம் ஆகிவிடும்.

மூன்றாம் படி: மேப்பின் கூறுகளையே ஆயங்களாக எடுங்கள்

தேற்றத்தின் நிரூபணம் இரண்டு பக்கம் போகும். அதன் சாரம் ஒரே வரி: நியம வடிவத்தில் முதல் ஆயமாக எது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அதையே ஆயம் என்று அறிவித்துவிடுங்கள். அது செல்லுமா என்பதை அணிக்கோவை சொல்லும்.

சப்மெர்ஷனில் பார்ப்போம். முப்பரிமாண வெளியிலிருந்து எண்கோட்டுக்கு (க, ச, ட) ↦ க² + ச² + ட². புள்ளி (0, 0, 1). அணி ஒரே நிரை: (2க, 2ச, 2ட), புள்ளியில் (0, 0, 2). தரம் 1, அதுவே உச்சம். இப்போது த = க² + ச² + ட² என்று வைத்து, ட-வைத் தூக்கிவிட்டு (க, ச, த) என்பதைப் புதிய ஆயங்களாக எடுக்கிறோம். இந்த மாற்றத்தின் அணிக்கோவை 2ட. நம் புள்ளியில் 2. செல்லும். மேப் (க, ச, த) ↦ த என்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது.

ஏன் ட-வைத் தூக்கினோம், க-வை ஏன் தூக்கவில்லை? அந்தப் புள்ளியில் ட-வின் வகைக்கெழுதான் பூச்சியமில்லாதது. (1, 0, 0) என்ற புள்ளியில் கேட்டிருந்தால் க-வைத் தூக்கியிருப்போம். த = 1 என்று நிறுத்தினால் ஓரலகு கோளம் கிடைக்கிறது; அதன் மேல் பாதிக்கு க, ச இரண்டும் ஆயங்கள். கோளம் ஓர் இருபரிமாண மேனிஃபோல்ட் என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் தேவையில்லை.

இம்மெர்ஷனில் வேலை மறுபக்கத்தில் நடக்கும். எண்கோட்டிலிருந்து தளத்துக்கு க ↦ (க, க²). போய்ச்சேரும் பக்கத்தில் ய = ப, ர = ம − ப² என்று மாற்றினால் மேப் க ↦ (க, 0). பரவளையம் நேர்கோடாகப் படுத்துவிட்டது.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டிய இடம், உச்சத்தை எட்டாத ஆனால் மாறாத தரம். (க, ச) ↦ (க + ச, (க + ச)²) என்பதை எடுங்கள். நிரைகள் (1, 1) மற்றும் (2(க + ச), 2(க + ச)). இரண்டாவது நிரை முதலாவதன் மடங்கு. தளம் முழுக்கத் தரம் 1. முதல் கூறை ஆயமாக அறிவியுங்கள்: த = க + ச, ந = ச. மேப் (த, ந) ↦ (த, த²). இரண்டாம் கூறில் ந வரவே இல்லை, கவனித்தீர்களா? இது தற்செயல் இல்லை. ந எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே தரம் 2 ஆகியிருக்கும். தரம் மாறவில்லை என்ற நிபந்தனை தேற்றத்துக்குள் செய்கிற வேலை இதுதான்: மிச்சக் கூறுகள் முதல் கூறுகளை மட்டுமே நம்பியிருக்கும்படி செய்கிறது. இனி ய = ப, ர = ம − ப². மேப் (த, ந) ↦ (த, 0).

பொது விதியும் இதே வரிசைதான். தரம் எத்தனையோ அத்தனை கூறுகளை ஆயமாக அறிவிப்பது, மிச்சக் கூறுகள் அவற்றின் சார்புகளாக இருப்பதைப் பார்ப்பது, போய்ச்சேரும் பக்கத்தில் அந்தச் சார்புகளைக் கழித்துவிடுவது. இதே மூன்று வரியை ஐந்தாறு கணக்குகளில் செய்துவிட்டு நூலில் உள்ள நிரூபணத்தைத் திறந்தால், உங்கள் நோட்டுப் புத்தகத்தையே படிப்பது போல இருக்கும்.

நான்காம் படி: எண் மதிப்புச் சார்பில் தரம் பூச்சியமானால்

போய்ச்சேரும் பக்கம் வெறும் எண்கோடு என்றால் தரம் 1 அல்லது 0. ஒன்று என்றால் சப்மெர்ஷன், மேலே பார்த்தாயிற்று. பூச்சியமான புள்ளியை மாறுநிலைப் புள்ளி என்கிறோம். இதற்கு பெங்களூரின் நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முகட்டுக்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் கலக்கும். கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிணப் பினாகினிக்குப் போகும். அதைத்தான் நாம் தென்பெண்ணை என்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் கடந்து கடலூர் வரை போகிற அதே ஆறு. இந்த ஊரில் இரண்டு தெரு தள்ளி விழும் மழைத்துளிகள் வேறு வேறு இடத்தில் கடலைத் தொடலாம்.

நிலத்தின் உயரத்தை (க, ச) என்ற இடத்தின் சார்பாகப் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடுகள் இருக்கும். சாதாரணச் சரிவில் அவை வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் ஓடும். அது சப்மெர்ஷனின் நியம வடிவம் கண்ணுக்குத் தெரிவது. குன்றின் உச்சியையும் ஏரியின் அடியையும் சுற்றி வளையங்களாக வரும். முகடு சற்றே தாழ்ந்து மறுபடி ஏறும் இடம், அதாவது கணவாய், வேறு மாதிரி: சரியாக அதன் உயரத்தில் ஒரு கோடு வரைந்தால் அது பெருக்கல் குறி போல ஒன்றையொன்று வெட்டும். முகட்டின் வழியே நடந்தால் அது தாழ்ந்த இடம். முகட்டைக் குறுக்கே கடந்தால் அதுவே உயர்ந்த இடம்.

அமெரிக்கக் கணிதவியலர் மார்ஸ்டன் மோர்ஸ் 1925-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த துணைத்தேற்றம் இதைத்தான் சொல்கிறது. மாறுநிலைப் புள்ளியில் இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியான ஹெஸ்ஸியனின் அணிக்கோவை பூச்சியமில்லை என்றால், புறப்படும் பக்கத்து ஆயங்களை மாற்றி, சார்பை ஒரு மாறிலியும் வர்க்கங்களின் கூட்டலும் கழித்தலுமாக எழுதிவிடலாம். எத்தனை கழித்தல் என்பது எந்த ஆயத்தில் எழுதினாலும் மாறாது. தளத்தில் மூன்றே வகை: த² + ந² பள்ளம், −த² − ந² உச்சி, த² − ந² கணவாய்.

செய்முறை வர்க்கப் பூர்த்திதான். க² + 4க·ச + ச² = (க + 2ச)² − 3ச². ஒரு கழித்தல், கணவாய். மேலே கனப்படி ஒட்டிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம்: க² + க³ + ச² = க²(1 + க) + ச². த = க√(1 + க) என்று வையுங்கள். ஆதிப்புள்ளியில் அதன் வகைக்கெழு 1, ஆயமாகச் செல்லும். சார்பு த² + ச² ஆகிவிட்டது. கனப்படி எங்கே போனது என்று கேட்டால், ஆயத்தின் வளைவுக்குள் போய்விட்டது.

ஹெஸ்ஸியன் அணிக்கோவை பூச்சியமானால் இந்த வழி அடைபட்டுவிடும். க³ − 3க·ச² என்ற சார்பில் ஆதிப்புள்ளியில் மூன்று பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. வர்க்கங்களால் அதைச் சொல்லவே முடியாது. அப்படி ஒரு புள்ளி வந்தால் மோர்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு, சார்பைத் துளி அசைத்துப் பாருங்கள். பொதுவாக அது சாதாரண மாறுநிலைப் புள்ளிகளாக உடையும்.

ஐந்தாம் படி: தளத்திலிருந்து தளத்துக்கு, மடிப்பும் கூர்முனையும்

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இரண்டு எண்களை எடுத்து அவற்றின் கூட்டலையும் பெருக்கலையும் தரும் மேப்: (க, ச) ↦ (க + ச, க·ச). நிரைகள் (1, 1), (ச, க). அணிக்கோவை க − ச. இரண்டு எண்ணும் சமமாகும் கோட்டில் அது பூச்சியம். அந்தக் கோட்டின் மேல் மறையும் திசை (1, −1). இந்தத் திசை கோட்டைக் குறுக்கே வெட்டிப் போகிறது.

நியம வடிவத்துக்கு த = க + ச, ந = க − ச. அப்போது க·ச = (த² − ந²)/4. போய்ச்சேரும் பக்கத்தில் ய = ப, ர = ப² − 4ம என்று வைத்தால் மேப் (த, ந) ↦ (த, ந²). அந்த ர யாரென்று தெரிகிறதா? பத்தாம் வகுப்பில் படித்த தன்மைக்காட்டி! கூட்டலும் பெருக்கலும் தெரிந்து மூலங்களைத் தேடுவது இந்த மேப்பைத் திருப்புவது. தன்மைக்காட்டி மிகை என்றால் இரண்டு புள்ளிகள் வந்து விழுகின்றன (எந்த எண் முதலில் என்ற இரண்டு வரிசை), பூச்சியம் என்றால் ஒன்று, குறை என்றால் யாரும் வருவதில்லை.

மேசையில் ஒரு வேட்டியை மடித்துப் போட்டுப் பாருங்கள். மடிப்பு விளிம்புக்கு ஒரு பக்கம் இரண்டு அடுக்கு, மறுபக்கம் துணியே இல்லை. (த, ந²) என்பது அந்த விளிம்பு. இதற்கு மடிப்பு, அதாவது ஃபோல்டு, என்று பெயர்.

அடுத்தது சேலைக் கொசுவம். சேலையைக் கட்டில்மேல் விரித்து, ஒரு ஓரத்தில் ஒரே ஒரு கொசுவம் வைத்து அழுத்துங்கள்; எதிர் ஓரத்தை விரித்தபடியே விடுங்கள். கொசுவத்தின் இரண்டு மடிப்பு விளிம்புகளும் நெருங்கி நெருங்கி நடுவில் ஒரு புள்ளியில் சேர்ந்து காணாமல் போகும். விளிம்புகளுக்கு இடையில் மூன்று அடுக்கு, வெளியே ஒரே அடுக்கு. அந்தப் புள்ளிதான் கூர்முனை, ஆங்கிலத்தில் கஸ்ப்.

அதன் நியம வடிவம் (க, ச) ↦ (க, ச³ + க·ச). நிரைகள் (1, 0), (ச, 3ச² + க). அணிக்கோவை 3ச² + க; அது பூச்சியமாகும் வளைவரை க = −3ச². இது போய் விழும் இடம் ப = −3ச², ம = −2ச³; அதாவது 4ப³ + 27ம² = 0. இதுவும் தன்மைக்காட்டிதான், முப்படிச் சமன்பாட்டுக்கு உரியது. எண் போட்டுப் பாருங்கள். (−3, 0) என்ற இடத்துக்கு ச³ − 3ச = 0; ச = 0, √3, −√3 என்று மூன்று புள்ளிகள் வருகின்றன. (−3, 5) என்ற இடத்துக்கு ஒன்றுதான். ப மிகை எண்ணாக இருந்தால் எங்கும் ஒன்றுதான்.

மறையும் திசை இங்கே ச-அச்சின் திசை. ஆதிப்புள்ளியில் க = −3ச² என்ற வளைவரையின் தொடுகோடும் ச-அச்சுதான். மடிப்பில் மறையும் திசை வளைவரையை வெட்டியது; கூர்முனையில் தொட்டுக்கொண்டு போகிறது. இதைச் சோதனை முறையாக எழுதிவிடலாம். அணிக்கோவையை ஜே என்று வையுங்கள். புள்ளியில் தரம் 1, ஜே = 0, ஆனால் ஜே-யின் பகுதி வகைக்கெழுக்கள் எல்லாம் சேர்ந்து பூச்சியமாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு மறையும் திசையில் ஜே-யை வகையிடுங்கள். பூச்சியமில்லை என்றால் மடிப்பு. பூச்சியம் என்றால் அதே திசையில் இன்னொரு முறை. இந்த முறை பூச்சியமில்லை என்றால் கூர்முனை. நம் எடுத்துக்காட்டில் ஜே = 3ச² + க; ச-திசையில் ஒரு முறை 6ச, ஆதியில் பூச்சியம்; இரண்டாம் முறை 6. ஒரு எச்சரிக்கை: இரண்டாம் முறை வகையிடும்போது மறையும் திசையை வளைவரை நெடுக ஸ்மூத்தாக மாறும் வெக்டராக எடுத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் எழுதிவிட்டு அதையே மாறிலி போல எல்லா இடத்திலும் வைத்தால் விடை தவறலாம்.

அமெரிக்கக் கணிதவியலர் ஹாஸ்லர் விட்னி 1955-இல் காட்டியது இன்னும் பெரியது. தளத்திலிருந்து தளத்துக்குப் போகும் எந்த ஸ்மூத் மேப்பையும் துளி அசைத்தால், சாதாரணப் புள்ளி, மடிப்பு, கூர்முனை தவிர வேறு எதுவும் மிஞ்சாதபடி செய்துவிடலாம். வகைகள் முடிவில்லாமல் போகும் என்று நினைக்கிற இடத்தில் இப்படி மூன்றோடு முடிகிறது! விட்னி மலையேறுபவரும்கூட. அமெரிக்காவின் கேனன் மலையில் அவரும் அவருடைய உறவினரும் 1929-இல் முதலில் ஏறிய முகடு இன்றும் அவர்கள் இருவர் பெயரால் வழங்குகிறது. முகடும் விளிம்பும் அவருக்குக் கையால் தொட்டுப் பழகியவை.

கூர்முனையைக் கண்ணால் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். காலையில் ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும் மேசையில் எவர்சில்வர் டம்ளரில் ஃபில்டர் காபியை வையுங்கள். பாதி குடித்ததும் உள்ளே பாருங்கள். காபியின் மேல், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கமாக, இரண்டு பளிச்சென்ற வளைகோடுகள் வந்து ஒரு கூரான முனையில் சேரும். கதிர்கள் இணையாக வந்தால் அந்த முனை டம்ளரின் மையத்துக்கும் சுவருக்கும் சரிபாதியில் இருக்கும்.

அங்கே நடப்பது ஒரு மேப். சுவரில் எந்த இடத்தில் கதிர் பட்டது என்பது ஒரு ஆயம். பட்டபின் எவ்வளவு தூரம் வந்தது என்பது இன்னொன்று. போய்ச்சேருவது காபியின் பரப்பு. அணிக்கோவை சிறிதாகும் இடத்தில் நிறைய ஒளி சின்னப் பரப்பில் குவிகிறது. பூச்சியமாகும் இடத்தில் பளீரென்ற கோடு. கோடு முழுக்க மடிப்பு, முனை மட்டும் கூர்முனை. முனைக்கு உட்புறம், சுவரைப் பார்த்த பக்கத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பிரதிபலித்த கதிர்கள் வருகின்றன. மையத்தின் பக்கம் ஒன்றுதான். கொசுவத்தின் அதே கணக்கு. டம்ளரை மெல்லச் சாய்த்தால் முனை நகரும், மறையாது. மடிப்பும் கூர்முனையும் துளி அசைவுக்கு அழியாது என்று விட்னி சொன்ன உறுதி அதுதான்.

தளத்திலிருந்து முப்பரிமாண வெளிக்குப் போனால் விட்னியின் குடை என்று ஒரு வடிவம் வரும்: (க, ச) ↦ (க, ச², க·ச). அதை 1944-இல் வெளிவந்த அவருடைய இன்னொரு ஆய்வின் பக்கம் விட்டுவிடுகிறேன். ஐந்து படிகள் கைவந்தபின் அதற்குப் போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு

க ↦ க³ ஒன்றுக்கொன்றானது, மேல்கோர்த்தலும்கூட. ஆகவே ஆயத்தை மாற்றி க ↦ க ஆக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். முடியாது. ஆதியில் தரம் 0, பக்கத்தில் 1. கனமூலத்துக்கு ஆதியில் வகைக்கெழு கிடையாது. அதை ஆய மாற்றமாக எடுக்க ஸ்மூத் உலகம் அனுமதிக்காது.

இரண்டாவது, அண்மையகத்தில் கிடைத்த விடையை முழு மேப்புக்கும் நீட்டுவது. க ↦ (க² − 1, க³ − க) என்ற வளைவரை எங்கும் இம்மெர்ஷன். வகைக்கெழு (2க, 3க² − 1) ஒருபோதும் பூச்சியமாகாது. ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் அதை நேர்கோடாக்கலாம். ஆனாலும் க = 1, க = −1 இரண்டும் ஆதிப்புள்ளியிலேயே வந்து விழுகின்றன; வளைவரை தன்னையே வெட்டிக்கொள்கிறது. நியம வடிவம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

கடைசியாக ஒரு கணக்கு

(க, ச) ↦ (க² − ச², 2க·ச). ஆதிப்புள்ளியில் தரம் 0. மடிப்பும் இல்லை, கூர்முனையும் இல்லை. விட்னியை நம்பித் துளி அசையுங்கள்: (க² − ச² + 0.2க, 2க·ச − 0.2ச). அணிக்கோவை 4(க² + ச² − 0.01) என்று வர வேண்டும், அதாவது 0.1 ஆரமுள்ள வட்டம். (0.1, 0) என்ற புள்ளியில் நிரைகள் (0.4, 0), (0, 0). மறையும் திசை (0, 1), வட்டத்தின் தொடுகோடும் அதே திசை. அங்கே கூர்முனையா என்று இரண்டாம் வகைக்கெழுவால் உறுதி செய்யுங்கள். வட்டத்தில் இன்னும் இரண்டு கூர்முனைகள் இருக்கின்றன, 120 பாகை இடைவெளியில். அவற்றின் ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடித்து, வட்டம் போய் விழும் வளைவரையைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.